ஓட்டல் பாயிண்ட் மதிப்பு குறைந்துவிட்டதா? வேறு திட்டத்துக்கு மாறும் முன் போடவேண்டிய கணக்கு

மகள் பெங்களூருவில் படிக்கிறாள். அவள் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு போய் மூன்று இரவு தங்கலாம், கையிலிருந்து காசே போடவேண்டாம், எல்லாம் பாயிண்டிலேயே முடித்துவிடலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். பாயிண்ட் என்பது பெரிய ஓட்டல் குழுமங்கள் நாம் தங்கும்போதெல்லாம் உறுப்பினர் கணக்கில் சேர்ப்பது; அதைக் கொடுத்துப் பின்னால் பணமில்லாமல் தங்கலாம். சேலம் ஐந்து ரோட்டில் டீக்கடை வாசலில் நின்றபடி ஆப்பைத் திறந்தேன். ஆறு மாதத்துக்கு முன் ஓர் இரவுக்கு 15,000 பாயிண்ட் கேட்ட அதே ஓட்டல், அதே அறை, இப்போது 24,000 என்றது. ரூபாயில் வாடகை பழையபடியேதான் இருந்தது. என் கணக்கில் 1,80,000 பாயிண்ட். பன்னிரண்டு இரவு வரும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தது, டீ ஆறுவதற்குள் ஏழரை இரவாகிவிட்டது.

நூல் மில் இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை. வருடத்தில் 35 இரவாவது வெளியூர் ஓட்டலில்தான் தூக்கம். இத்தனை நாள் ஒரே ஓட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் பாயிண்ட் சேர்த்தவனுக்கு இப்படியா என்ற கோபத்தில் அன்றிரவே வேறு மூன்று திட்டங்களில் கணக்குத் திறந்தேன். ஒன்றில் பெயரைத் தப்பாகப் போட்டேன். இன்னொன்றில் ஒருமுறைதான் கிடைக்கும் வாய்ப்பை வீணடித்தேன். எல்லாம் சரியாக நான்கு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

எந்த முடிவும் எடுப்பதற்கு முன், பழைய கணக்கில் இவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெயரும் உறுப்பினர் எண்ணும் தெரியும் பக்கம், சில்வரா கோல்டா என்ற நிலையும் (அதிக இரவு தங்குகிறவர்களுக்குச் சலுகைகளோடு தரும் படி) அது எந்தத் தேதி வரை என்பதும், பாயிண்ட் இருப்பும் அதன் காலாவதித் தேதியும், கடைசி 12 மாதம் தங்கிய இரவுகளின் பட்டியல். அப்புறம், மின்னஞ்சலில் தேடி ஓட்டல் பில்களின் பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பில் கிடைக்காவிட்டால் அந்த ஓட்டல் ரிசப்ஷனுக்கு மெயில் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மேலானது என்றால் நாலு தடவை நினைவூட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு கம்பெனி மெயில் முகவரியில் இருந்தால் இன்றே சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். வேலை மாறும் நாளில் அந்த மெயில்பெட்டி மூடிவிடும். ஓடிபி எங்கே வரும்?

2. ஒரு பாயிண்ட் எத்தனை காசு என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு எண்தான். நீங்கள் உண்மையிலேயே தங்கக்கூடிய நாலைந்து ஓட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவு ரிசார்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் எந்தத் திட்டமும் தங்கமாகத்தான் தெரியும். அதே தேதிக்கு ரூபாயில் எவ்வளவு, பாயிண்டில் எவ்வளவு என்று பார்த்து, வரியோடு சேர்த்த ரூபாயைப் பாயிண்டால் வகுங்கள்.

என் பெங்களூரு ஓட்டல்: வாடகை 6,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேர்த்து 6,300. 15,000 பாயிண்டாக இருந்தபோது ஒரு பாயிண்ட் 42 காசு. 24,000 ஆனபின் 26.25 காசு.

வரியைச் சேர்க்காமல் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770-இல் முடியும். வாடகை வெறும் 200 ரூபாய் கூடி 7,600 ஆனால் மொத்தம் 8,968. பாயிண்டில் எடுத்த அறைக்கு வாடகை வரி பெரும்பாலும் வராது என்பதால், 7,500-ஐத் தாண்டும் அறைகளில் பாயிண்டைச் செலவழிப்பது லாபம். மலிவான அறைக்குப் பணம் கட்டிவிடலாம். எதற்கும், உறுதி செய்யும் முன் கடைசிப் பக்கத்தில் மொத்தம் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள்.

கடை, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரு ஓட்டலின் பில்லில் வரும் ஜி.எஸ்.டி. கர்நாடகக் கணக்கில் போகும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே வரியை முழுச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

3. பழைய பாயிண்டையும் இனி வரப்போகும் பாயிண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

நான் மாதக்கணக்கில் குழம்பியது இதில்தான்.

சேர்த்து வைத்தது 1,80,000. முன்பு 75,600 ரூபாய் பெறும், இப்போது சுமார் 47,000. 28,000 ரூபாய்க்கு மேல் போயே போய்விட்டது. வயிறு எரிகிறது, சரி. ஆனால் நாளை நான் எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

இனி சேரப்போவதைப் பாருங்கள். என் திட்டத்தில் ஒரு டாலர் வாடகைக்கு 10 பாயிண்ட். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், 5,000 ரூபாய் அறைக்கு 588 பாயிண்ட். (வரிக்குப் பாயிண்ட் கிடையாது.) 42 காசு கணக்கில் அது 247 ரூபாய், 26.25 காசு கணக்கில் 154 ரூபாய். அதாவது முன்பு ஏறக்குறைய 5 சதவீதம் திரும்பக் கிடைத்தது, இப்போது 3 சதவீதம். ஓர் இரவுக்கு 93 ரூபாய் நஷ்டம். 35 இரவுக்கு 3,255 ரூபாய்.

மொத்த விவகாரமும் வருடத்துக்கு 3,255 ரூபாய்தான்! இதற்காகவா நான்கு மாதம் தூக்கம் கெட்டேன் என்று வெட்கமாக இருந்தது. புதுத் திட்டம் 5 சதவீதம் தருகிறது என்றாலும் நான் மாறி மிச்சம் பிடிக்கப்போவது அந்த அளவுதான். அதுவும் எல்லா ஊரிலும் அவர்களுக்கு ஓட்டல் இருந்தால்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். வருடம் 100 இரவு, 9,000 ரூபாய் அறை என்றால் இதே வித்தியாசம் 16,000 ரூபாயைத் தாண்டும். அப்போது மாறுவதை யோசிக்கவே வேண்டும். வருடத்துக்கு ஆறேழு இரவுதான் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் பாயிண்டைச் செலவழித்துவிட்டு, இனி எது மலிவோ அங்கே தங்குங்கள்.

4. போன வருடம் எந்த ஊரில் எத்தனை இரவு என்று எழுதுங்கள்

பில்கள்தான் கையில் இருக்கின்றனவே, ஊர்வாரியாகப் பிரியுங்கள். எனக்கு வந்தது: கோயம்புத்தூர் 9, அகமதாபாத் 11, பெங்களூரு 6, சென்னை 5, மீதி நாலும் சின்ன ஊர்கள். பிறகு ஒவ்வொரு திட்டத்தின் ஆப்பிலும் அந்த ஊரைத் தேடி, வேலை நடக்கும் இடத்திலிருந்து ஓட்டல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 'ஊரில் ஓட்டல் இருக்கிறது' என்பது போதாது. ஒருமுறை பாயிண்டுக்காக மில்லிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளித் தங்கினேன். போகவர ஆட்டோவுக்கு 600 ரூபாய். கிடைத்த பாயிண்டின் மதிப்பு 150.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. வசதி என்னவென்றால், கோவை 160 கிலோமீட்டர், பெங்களூரு 200. காலை ரயிலில் ஏறினால் வேலையை முடித்து ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். கோல்டு நிலைக்கு இன்னும் இரண்டு இரவு வேண்டும் என்று தேவையில்லாமல் அங்கே தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் தங்கியிருக்கிறேன். வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

வில்லங்கம் ஏற்காடு. வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போக நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும் அந்த மலைதான். அங்கே தங்குவது பெரும்பாலும் தனியார் ரிசார்ட், எஸ்டேட் பங்களா, ஹோம்ஸ்டே, இல்லாவிட்டால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல். உலகம் முழுக்கச் செல்லும் பாயிண்ட் என்பார்கள், அண்ணா பூங்கா பக்கத்தில் அதை வைத்து ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்க முடியாது. குடும்பச் சுற்றுலாவெல்லாம் ஏற்காட்டிலும் ஒகேனக்கல்லிலும்தான் என்றால், உங்கள் பாயிண்டின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தே எழுதுங்கள்.

5. சில்வர், கோல்டு நிலைக்கு உங்கள் பழக்கத்தை வைத்து விலை போடுங்கள்

மாரியட் ஓட்டல்களின் திட்டமான பான்வாயில் சில்வருக்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் 10 இரவு, கோல்டுக்கு 25, பிளாட்டினத்துக்கு 50. ஹாலிடே இன் ஓட்டல்களின் குழுமமான ஐ.எச்.ஜி.யில் சில்வர் 10, கோல்டு 20, பிளாட்டினம் 40. ஹயாத்தில் 10, 30, 60 என்று மூன்று படிகள். பாயிண்ட் கொடுத்துத் தங்கிய இரவும் இந்த மூன்றிலும் கணக்கில் சேரும். இது தெரியாமல் நிலைக்காகப் பணம் கட்டித் தங்குகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த நிலையால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் காலைச் சாப்பாட்டு பஃபேக்கு 700 ரூபாய் என்று எழுதினேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க காலையில சாப்பிடறது நாலு இட்லி, ஒரு வடை. அதுக்கு எதுக்கு எழுநூறு?" என்றாள். எதிர் மெஸ்ஸில் அது 90 ரூபாய். 90 என்று திருத்தினேன். பெரிய அறை தருகிறார்கள் என்றால், ராத்திரி பத்து மணிக்கு மில்லிலிருந்து வந்து விழுகிறவனுக்கு அறை பெரிதானால் என்ன, சின்னதானால் என்ன? ஆனால் மாலை 4 மணி வரை அறையை வைத்துக்கொள்ள விடும் சலுகைக்கு நான் ஓர் இரவுக்கு 300 ரூபாய் கூடப் போடுவேன். இரவு ரயில் வரை குளித்து உட்கார ஓர் இடம் வேண்டுமே.

மாதக் கணக்கும் முக்கியம். பெரும்பாலான திட்டங்களில் இரவு எண்ணிக்கை ஜனவரி 1-இல் பூஜ்யமாகிவிடும். அக்டோபரில் 21 இரவு முடித்திருக்கிறீர்கள், கோல்டுக்கு நாலுதான் பாக்கி என்றால் அப்போது மாறவேண்டாம். முடித்துவிடுங்கள். அந்த நிலை குறைந்தது அடுத்த ஆண்டு முடியும்வரை இருக்கும், அதைக் காட்டித்தான் புது இடத்தில் நிலை கேட்கப்போகிறீர்கள்.

6. பெயர், இனிஷியல்

நம் ஊர்க்காரர்கள் வழுக்கி விழும் இடம் இது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். என் பழைய கணக்கில் கடைசிப் பெயர் 'எம்' என்ற ஒற்றை எழுத்து. புதுக் கணக்கில் அப்பா பெயரை முழுதாக எழுதிவிட்டேன். நிலை கேட்டு விண்ணப்பித்தபோது, இரண்டும் ஒரே ஆளா என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் நகல் அனுப்பிப் பெயரைத் திருத்த மூன்று வாரம் ஆனது.

எல்லாத் திட்டத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பான் கார்டில் உள்ளபடி. அடையாளம் கேட்டால் பான் அல்லது பாஸ்போர்ட் போதும். ஆதார்தான் வேண்டும் என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதை அனுப்புங்கள்.

7. நிலையைப் புதுத் திட்டத்துக்குக் கொண்டுபோவது

ஒரு திட்டத்தில் கோல்டு என்றால், இன்னொன்று உங்களை இழுப்பதற்காக அதற்கு ஈடான நிலையைத் தற்காலிகமாகத் தரும். ஸ்டேட்டஸ் மேட்ச் என்பார்கள். வழக்கமாக 90 நாள் போலக் கொடுத்து, அதற்குள் இத்தனை இரவு தங்கினால் நிலை நீடிக்கும் என்பார்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை. கேட்பது முதல் படியில் சேர்த்து வைத்த அதே ஸ்க்ரீன்ஷாட்டும், சமீபத்தில் தங்கியதற்கு ஒரு பில்லும்தான். ஸ்க்ரீன்ஷாட்டில் பெயரும் நிலையும் தேதியும் ஒரே படத்தில் தெரியவேண்டும். தனித்தனிப் படமாக வெட்டி ஒட்டினால் நிராகரிப்பார்கள்.

இதை ஒருமுறை பயன்படுத்தினால் சில வருடங்களுக்கு மறுபடி கிடைக்காது. நான் மார்ச்சில் கேட்டு வாங்கினேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் எனக்கு வெளியூர் வேலையே குறைவு. மூன்று மாதத்தில் தங்கியது நாலே இரவு. வாய்ப்பு போச்சு. உங்கள் அலைச்சல் மாதங்கள் எவை என்று நாலாவது படியின் பட்டியலே சொல்லும். அந்த மாதங்கள் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று: இந்த 90 நாளில் ஓட்டலின் சொந்த ஆப் அல்லது இணையதளம் வழியாகவே பதிவு செய்யவேண்டும். மேக்மைட்ரிப், புக்கிங் டாட் காம் போன்ற இடங்களில் எடுத்த அறைக்குப் பொதுவாகப் பாயிண்டும் கிடையாது, இரவுக் கணக்கும் கிடையாது. கம்பெனி டிராவல் டெஸ்க் எந்த வழியில் போடுகிறது என்று அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

8. பழைய பாயிண்டை என்ன செய்வது

விட்டுவிட்டு ஓடவேண்டாம். காலாவதியைப் பாருங்கள்: மாரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் பாயிண்ட் போய்விடும். ஐ.எச்.ஜி.யில் நிலை இல்லாதவர்களுக்கு 12 மாதம். பிரெஞ்சு ஓட்டல் குழுமமான அக்கோரில் 365 நாள்.

விமான மைலாக, அதாவது விமானக் கம்பெனிகளின் பாயிண்டாக மாற்றுவது கடைசி வழி. மாரியட்டில் பெரும்பாலான விமானத் திட்டங்களுக்கு 3 பாயிண்ட் கொடுத்தால் 1 மைல். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது. பாயிண்ட் கொடுத்து மிக்ஸியும் பரிசுக் கூப்பனும் வாங்குவது அதைவிட மோசம். என் கணக்கில் ஒரு பாயிண்டுக்கு 10 காசுகூடத் தேறவில்லை.

மாரியட்டில் பாயிண்ட் கொடுத்துத் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால், அதில் குறைந்த பாயிண்ட் உள்ள ஓர் இரவு இலவசம். நீண்ட பயணம் இருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் விலை கூடப்போகிறது என்று முன்கூட்டி அறிவித்தால், ரத்து செய்யக்கூடிய பதிவாகப் பழைய விலையிலேயே போட்டு வையுங்கள். ஆனால் பதிவு செய்த பிறகு தேதியை மாற்றாதீர்கள். ஒருநாள் தள்ளினாலும் புதுப் பதிவாகக் கணக்கிட்டுப் புது விலை கேட்பார்கள்.

இனிமேல் எந்தத் திட்டத்திலும் இரண்டு பயணத்துக்கு மேல் பாயிண்டைத் தேக்கி வைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ரூபாய்க்கோ யூரோவுக்கோ கட்டிப்போட்ட திட்டங்களும் உண்டு. தாஜ், ஜிஞ்சர் ஓட்டல்களில் செல்லும் டாடாவின் பாயிண்டான நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய். அக்கோரில் 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ. இவற்றில் ராத்திரியோடு ராத்திரியாக அறையின் பாயிண்ட் விலையை ஏற்றும் வேலை நடக்காது. அதேசமயம், 15,000 பாயிண்டில் 10,000 ரூபாய் அறை கிடைக்கும் அதிர்ஷ்டமும் இவற்றில் வராது.

9. கிரெடிட் கார்டு

மாறும் யோசனையில் இருக்கும்போது ஓட்டல் பெயர் போட்ட கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். 2023-இல் வந்த எச்.டி.எஃப்.சி. மாரியட் கார்டையே எடுத்துக்கொள்வோம். வந்தபோது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 3,540. பதிலுக்கு 15,000 பாயிண்ட் வரையுள்ள அறையில் ஓர் இரவு, சில்வர் நிலை, நிலைக்கான கணக்கில் ஆண்டுக்கு 10 இரவு. அந்த 15,000-க்குள் உங்கள் ஊர்களில் அறை கிடைக்கிறதா என்று பார்த்தபிறகுதான் இது லாபமா என்று சொல்ல முடியும். பாயிண்ட் விலை ஏறும்போது அந்த ஓர் இரவுச் சீட்டும் சேர்ந்தே சுருங்கும்.

கார்டில் சேர்ந்த பாயிண்டை ஓட்டல் திட்டத்துக்கு மாற்றுவதும் ஒருவழிப் பாதைதான். தங்கப்போகும் தேதிக்கு அறை இருக்கிறது என்று பார்த்தபிறகு, தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள். வந்து சேரச் சில நாள் ஆகும்.

நான் கடைசியில் என்ன செய்தேன் என்றால், அகமதாபாத்தில் மில்லுக்குப் பக்கத்திலேயே ஓட்டல் இருப்பதால் அந்த 11 இரவைப் புதுத் திட்டத்தில் போட்டேன், மீதி பழையபடியே. மகள் பிறந்தநாளுக்கு 7,500-க்கு மேல் போன ஓர் இரவை மட்டும் பாயிண்டில் எடுத்தோம். மற்ற இரண்டு இரவு ஏற்காட்டில், ரொக்கம் கொடுத்து. மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் போனதால் அறை பாதி விலைக்குக் கிடைத்தது.